ஒரு 'கு' அதிகம்

இன்று காலை உங்கள் ஹாக்கி மட்டையை அலமாரி மேலிருந்து இறக்கினேன். பழந்துணியால் துடைத்ததும் ஆளிவிதை எண்ணெய் வாடை வந்தது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது, வாடை போகவில்லை. கைப்பிடியில் நீங்கள் சுற்றிய பிளாஸ்திரி கறுத்து, விரல் பதிந்த இடங்களில் குழிந்திருந்தது. அதில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. கடலூரில் உங்கள் பழைய ஹாக்கி கழகம் ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறது. போன மாதம் அதன் செயலாளர் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர்; நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். படிவத்தில் இரண்டு எழுத்துப்பிழை. அவற்றைத் திருத்திவிட்டு, 'ஆடிய இடம்' என்ற கட்டத்தில் 'பேக்' என்றும், 'அடித்த கோல்கள்' என்பதில் 'பூஜ்யம்' என்றும் எழுதிக் கொடுத்தேன். மனிதர் நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேக்குன்னு போட்டா படிக்கறவங்க சிரிப்பாங்க. ஃபார்வர்டுன்னு போட்டு நாலஞ்சு கோல் சேத்துடலாம். யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்" என்றேன்.

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கோலுக்கு முன்னால் நின்று காப்பவருக்கு மைதானத்தில் பேக் என்று பெயர். மைதானத்தைத் தாண்டி வந்தால் ஒரு 'கு' ஒட்டிக்கொண்டு, மூளையில்லாதவன் என்றாகிவிடுகிறது. நம் கல்யாணமே அந்த ஒரு எழுத்தில்தான் ஆரம்பித்தது.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று சொல்லியிருந்தார்கள். என் அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எந்த எடத்துல ஆடுறீங்க மாப்ள?" என்று கேட்டார்.

"பேக்குங்க."

கூடமே சிரித்தது. "இவ்ளோ வெளிப்படையா ஒத்துக்கற மாப்ளய நான் பாத்ததே இல்ல" என்றார் அண்ணன்.

"ஃபுல் பேக்குங்க மச்சான். அரகொற இல்ல" என்றீர்கள் நீங்கள். பெண்ணைப் பார்க்கும் முன்பே மச்சான்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கான்வென்டில் எங்கள் சிஸ்டர், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினாலும் நீட்டினாலும் பத்து முறை சொல்ல வைப்பார். உள்ளறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றபடியே, "பேக். கு கிடையாது" என்றேன். அம்மா முறைத்தாள். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அன்று தொடங்கி ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வரை உங்கள் வாயில் எனக்கு 'மிஸ்' என்றுதான் பெயர்.

பதினாறு வருடம் அலுவலக அணிக்கு ஆடினீர்கள். ஆடுவதற்காகக் கொடுத்த வேலை அது. விடியலில் பயிற்சி, அப்புறம்தான் கோப்பு. அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு கோல்கூட நீங்கள் அடிக்கவில்லை. ஒரு முன்பல்லும் இடது கை மோதிர விரலும்தான் போயின. அந்த விரல் போன ஆட்டத்துக்கு நான் சாட்சி.

சிதம்பரம் மைதானத்தில் இறுதி ஆட்டம். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நம் அணி ஒரு கோல் முன்னால். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்குப் பெனால்டி கார்னர்; கோலைப் பார்த்து ஓங்கி அடிக்க ஒரு வாய்ப்பு. நம் ஆட்கள் கோல் கோட்டருகே குனிந்து நிற்க, நீங்கள் மட்டும் பந்தை அடிக்கப் போகிறவரை நோக்கி நேராக ஓடினீர்கள்.

"இன்னாம்மா, ஒதுங்காம உள்ள போறாரு? உண்மையிலயே பேக்குதானா?" என்றார் அண்ணன்.

அவர் வாயை மூடுவதற்குள் நீங்கள் மட்டையைத் தரையோடு கிடத்திவிட்டீர்கள். பந்து மட்டையையும் விரலையும் சேர்த்து அடித்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. விசில். நமக்குக் கோல் அடித்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீங்கள் ஐஸ் வண்டிக்காரரின் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, "சேமியா ஐஸ் வேணுமான்னு கேக்கறாரு மிஸ்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அண்ணன் அதன்பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் கோல் அடித்தவரின் படம். ஓரத்தில் உங்கள் முழங்கை மட்டும். ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கையால் பேனாவைப் பிடுங்கினீர்கள்.

"போவட்டும், வுடுங்க மிஸ். பேக்கு பேரு பேப்பர்ல வந்தா, அவன் எங்கியோ கோட்ட வுட்டுட்டான்னு அர்த்தம்."

அன்று விட்டேன். விட்டது தப்பு. உங்கள் அடக்கம் உங்களுக்கு அழகாக இருந்தது. எனக்கு அது வராது, வரவும் வேண்டாம். இப்போது பேனாவைப் பிடுங்க நீங்கள் இல்லை.

படிவத்தோடு வந்த அன்றே செயலாளரிடம் சொல்லிவிட்டேன்: "அவர் அடிக்காத கோலை அவர் பெயரில் போட்டால், நீங்கள் கேட்ட படமும் கிடையாது, மட்டையும் கிடையாது. பெயரையே எடுத்துவிடுங்கள்." அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "சரிம்மா. நீங்க சொல்றபடியே போட்டுடறோம்."

நேற்று பிழை பார்க்க அச்சுப்படி வந்தது. கோல்கள்: பூஜ்யம். நல்லது. ஆடிய இடம்: பேக்கு.

எவரும் வேண்டுமென்று செய்ததல்ல. வாயில் வருகிறபடி கையும் அடித்திருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஒரு எழுத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் 'கு கிடையாது' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான், முன்பே ஒரு முறை இதைச் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இன்று மட்டையைப் படம் எடுக்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா. மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வார்த்தைதான் பேசப் போகிறேன். "அவர் பேக்."

கூட்டம் சிரிக்கும். சிரிக்கட்டும். பந்து வரும்வரை நீங்கள் எப்படி இடது காலை முன்னால் ஊன்றி, இமைக்காமல் நிற்பீர்களோ, அப்படி நிற்பேன். சிரிப்பு அடங்கியதும் இன்னொரு முறை சொல்வேன்.