கருவாட்டுக்கும் இறங்காத காக்கை

குன்றாண்டார்கோவில்,
சித்திரபானு வருஷம் ஆனி மாதம் 5-ம் தேதி, வெள்ளிக்கிழமை.

கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சி மீனம்மாளுக்கு, அக்காள் மருதாயி என் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நீயே எழுதிவிட்டாய். ஆகையால் அதை நான் கேட்கவில்லை.

பேத்தி பிரகதாம்பாள், “நீங்க சொல்லுங்க அப்பத்தா, நான் எழுதித் தாரேன்” என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் உன்னைத் திட்டுவதையெல்லாம் அவள் விட்டுவிட்டு எழுதுவாள். என்னுடையது மூன்றாம் கிளாஸோடு நின்ற எழுத்து. நாலு நாளாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பாவி, என்ன காரியம் செய்தாயடி!

வைகாசி 12-ம் தேதி திங்கட்கிழமை, தபால்காரர் ராசு வந்தார். ஓரத்தில் கரி தடவிய கார்டு. கையில் வாங்கும்போதே சாவுச் செய்தி என்று தெரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. ராசுவே வாசித்தார். “தாயார் மீனம்மாள் காலமாகிவிட்டார்கள்” என்று உன் மகன் நல்லதம்பி எழுதியிருந்தான். “சரி, வச்சிட்டுப் போங்க” என்றேன். ராசு என் முகத்தைப் பார்த்தார். ஓரகத்தி இருளாயி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அழுகிறேனா என்று எல்லோருக்கும் பார்க்கவேண்டியிருந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியும். ரௌத்திரி வருஷம் ஆடி மாதம் என் மகன் ரத்தினவேல் நாலு வயதில் வாந்திபேதியில் போனான். காலையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, விளக்கு வைப்பதற்குள் இல்லை. மூன்றாம் நாள், வந்திருந்த சனம் அத்தனை பேர் முன்னாலும் நீ கேட்டாய்: “வயிறு போகுதுன்னு காலையிலயே தெரியும். தெரிஞ்சும் களைபறிக்கப் போனியே அக்கா?” நானும் அதே சனத்தின் முன்னால் சொன்னேன்: “நீ செத்தாலும் என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராதுடி.” அந்த மாதமே நீயும் உன் புருஷனும் கப்பல் ஏறிவிட்டீர்கள். இருபத்திரண்டு வருஷம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அன்றைக்கு நீ கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. அரக்கு.

கார்டை மாடத்தில் வைத்துவிட்டுக் கம்பு குத்தப் போனேன். உலக்கையை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன். கை நின்றுவிட்டது. அடுத்த குத்து உன்னுடையது. சின்ன வயதில் ஒரே உரலில் ஆளுக்கு ஓர் உலக்கை வைத்துக்கொண்டு நான் ஒரு குத்து, நீ ஒரு குத்து என்று குத்துவோமே, அந்தக் கணக்குக்குக் கை காத்து நிற்கிறது. இத்தனை வருஷமும் நான் தனியாகத்தான் குத்துகிறேன். ஒரு நாளும் கை இப்படி நின்றதில்லை. உன் குத்து விழவில்லை. உரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு நடந்ததை இருளாயியிடம் கேட்டுக்கொள். தெருவே கூடிவிட்டதாம்.

பதினாறு நாள் அழுதேன். உன்மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அழுகை நிற்கும் என்று பார்த்தேன். ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை. எதை நினைத்தாலும் நீ ரத்தினவேலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக் கரையில் நிற்பதுதான் வந்தது. அவன் உன் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுப்பான். “அக்கா, ஓம் மகனைப் பிடி, என் கழுத்தை அறுக்குறான்” என்பாய். கொடுக்கவும் மாட்டாய்.

பதினாறாம் நாள் உனக்குப் படைத்தேன். கேப்பைக் களி, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. இலையைச் சுவர்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். வந்தது. முருங்கைக் கிளையில் உட்கார்ந்து இலையைப் பார்த்தது. இறங்கவில்லை. கருவாட்டைக் கண்டும் இறங்காத காக்கையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, மீனா. பேத்தி கூப்பிட்டாள், மருமகள் கூப்பிட்டாள். அசையவில்லை. இருளாயி சும்மா இருப்பாளா? “செத்தும் அக்கா மேல கோவம் தீரலை போல” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் நான் அந்தக் காக்கையிடம் பேசினேன். தெருச்சனம் கேட்கத்தான் பேசினேன். “நீ கேட்டது நெசந்தாண்டி. காலையில ரெண்டு தடவை வயிறு போனதை நான் பார்த்தேன். களை முத்திரும்னு போயிட்டேன். இன்னைக்குப் போகாதே அக்கான்னு நீ சொன்னே. நான் கேக்கலை. அதைத் திருப்பி நீ ஞாபகப்படுத்தினதைத்தான் என்னால தாங்க முடியலை. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கடி, வந்து ஒரு வாய் சாப்பிடுடி” என்றேன். ரத்தினவேலின் அப்பாவிடம்கூட, அவர் கண்ணை மூடும்வரை, நான் இதைச் சொன்னதில்லை.

அதற்கும் இறங்கவில்லை. அது எடுக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை ராசு ஓட்டமாக வந்தார். உன் கோணல் எழுத்து! நம் ஐயா மணலில் எழுதிக் காட்டியபோது இருந்த அதே கோணல். நீ இருக்கிறாய். கொழுந்து பறிக்கப் போகிற பாதையில் காக்கை மூன்று தடவை உன் தலையில் அடித்ததாம். நீ செத்துவிட்டதாகச் சொந்தத்துக்குக் கார்டு போட்டு, அவர்கள் நிஜமாகவே அழுதுவிட்டால் அந்தக் கண்டம் கழிந்துவிடும் என்று தோட்டத்துச் சனம் சொன்னதாம். அதனால் பொய்க் கார்டு. இரண்டு நாள் கழித்து இந்தக் கார்டும் போட்டுவிட்டாயாம். யுத்த காலத்தில் அது எங்கே கிடந்ததோ. நீ செத்தது நேராக வந்து சேர்ந்தது. நீ பிழைத்ததற்குத்தான் வழி தெரியவில்லை.

கார்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்தேன். கடைசி வரியை அப்போதுதான் பார்த்தேன். உன் மகன் உன்னிடம், “அழமாட்டேன்னு சத்தியம் பண்ணினவங்களுக்கா போடச் சொல்றே?” என்று கேட்டானாம். நீ, “அவதான் அழுவா” என்றாயாம்.

எப்படியடி தெரியும்? எனக்கே தெரியாதே.

முருங்கையைப் பார்த்தேன். அந்தக் காக்கைக்குத் தெரிந்திருக்கிறது, நீ உயிரோடு இருக்கிறாய் என்று. இல்லாதவளுக்கு வைத்தால்தானே எடுக்கும்? குன்றுக்குள் இருக்கிற சாமியை நினைத்து அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

அன்று வீட்டுக்குள் போய் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தேன். மருமகள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், அவள் முதுகைத் தொட்டேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துக் குழியில் ஒரு துடிப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி. அவ்வளவுதான் இருக்கிறது, மீனா. அந்தச் சின்னத் துடிப்பில்தான் அவள் பேச்சு, சிரிப்பு, அடம் எல்லாம் நிற்கிறது. அரிசி வேகிற நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருளாயி கையைக்கூடப் பிடித்துவிட்டேன். “என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?” என்று பயந்துபோனாள். அவள்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கை சூடாக இருந்தது.

நான் காக்கையிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடுதாசி. மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தை இரண்டு தடவை படித்துக்கொள்.

பதினாறு நாள் என்னை அழவைத்தாயே, அந்தக் கோபம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. அதைக் கடுதாசியில் தீர்க்கமாட்டேன். கப்பல் ஓடுகிறதாம். நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ. உன் உலக்கை பரணில் இருக்கிறது. செல் அரிக்கவில்லை, பார்த்தேன்.

இனி ஒரு தடவை காக்கை அடித்தால் வேறு யாருக்காவது எழுது. இல்லை, எனக்கே எழுது. மற்றவர்கள் ஒழுங்காக அழமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேற்று மருமகள் சுவர்மேல் சோறு வைத்தாள், தினமும் வைப்பதுதான். அதே காக்கை இறங்கி ஒரு பருக்கை எடுத்தது. இப்போது எடுக்கிறதே, உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கம்பை எடுத்து விரட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இதைப் பார்த்த அன்றே ஒரு கார்டு போடு, உன் கோணல் கையாலேயே. என் ஆயுசையும் சேர்த்து வைத்துக்கொண்டு நீ நன்றாக இரு. உன் கார்டு வரும்வரை இந்தச் சுவரில் ஒரு காக்கையையும் நான் இறங்கவிட மாட்டேன்.

இப்படிக்கு,
கம்பும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருக்கும்
உன் அக்காள் மருதாயி