வியாழக்கிழமைச் சந்தை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
1986 கார்த்திகை

அன்பு மகள் றெஜினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நீ சுகமாய் இருக்க வேண்டும் என்பதுதான் எழும்பும்போதும் படுக்கும்போதும் என் மன்றாட்டு. எனக்கு முழங்கால் நோவு மட்டும்தான், அதைப் பெரிதாய் எடுக்காதே. அண்ணன் அகஸ்ரினுக்கு அஜக்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, இருட்டோடு போய் இருட்டோடு வருகிறான், வந்தால் சாப்பாடு, நித்திரை, அவனையும் குறை சொல்ல ஏலாது.

போன முறை ரெலிபோனில் நீ அழுதது இன்னும் காதுக்குள் நிற்கிறது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால் கதைக்க ஒரு சனமில்லை அம்மா, இது செத்த ஊர் என்றாய். அந்தக் கிழமைதான் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், எங்கள் மாடியில் இருக்கும் வெள்ளைக்கார மனுசி டொறத்தியிடம், என் மகள் இங்கிலாந்தில் வெதர்லி என்ற சின்ன ஊரில் நேர்ஸ் என்று அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். மனுசி கையில் இருந்த துவாயைக் கீழே போட்டுவிட்டாள். அவள் பிறந்த ஊரே அதுதானாம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அங்கே முகாமிட்டிருந்த கனடா ஆமிக்காரன் ஒருவனைக் கட்டி இங்கே வந்தவள், பிறகு திரும்பிப் போகவேயில்லை.

அன்று தொடங்கி அவளிடம் உன் ஊரின் கதை கேட்டேன். ராசா ஒருவர் சந்தை கூட்ட அனுமதி கொடுத்துத்தான் ஊரே பெரிதானதாம், வியாழக்கிழமைச் சந்தை தவறியதேயில்லையாம். ஒருக்கால் நெருப்புப் பிடித்து ஒரு தெரு மிச்சமில்லாமல் எரிந்தும், சாம்பல் ஆறமுன்னம் அடுத்த வியாழன் கடை விரித்தார்களாம். ரயில் பாதை வேறு ஊரால் போனதில் அப்படியே சின்ன ஊராய் நின்றுவிட்டதாம்.

ஜெர்மன்காரன் குண்டு போட்ட நேரம் லண்டன் பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்தச் சந்தை மண்டபத்தில் இருத்த, ஊர்ச்சனம் ஆளுக்கொரு பிள்ளையாய்க் கூட்டிக்கொண்டு போனது. ஐவி என்ற சிறுமியை டொறத்தியின் தாய் எடுத்தாள், ஐவியின் தம்பியைத் தூரத்துப் பண்ணைக்காரன் கொண்டுபோனான். அந்தப் பெட்டை வாயே திறக்கவில்லையாம். வியாழக்கிழமை பண்ணை வண்டில் சந்தைக்கு வந்தபோது முட்டைக்கோவாக் குவியலுக்கு மேலே தம்பி இருந்தான். அக்காள் ஓடிப்போய் அவன் சப்பாத்தைக் கட்டிப்பிடித்தாளாம். பிறகு சண்டை முடியும்வரை வியாழன்தோறும் இரண்டும் சந்தை மண்டபத் தூணடியில் இருக்கும். ஊரில் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை, ஆனால் பேக்கரிப் பாண்காரன் இனிப்புப் பணிஸ், கிழவி ஒருத்தி அப்பிள், மழை நாளில் யாரோ ஒரு சாக்கு என்று பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். எங்கட சனம் கதைக்காது, ஆனா பாத்துக்கொண்டிருக்கும் என்றாள் டொறத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது பிள்ளை. அப்பாவும் இறந்துபோய், நீ அங்கே நாங்கள் இங்கே, எங்களுக்கு எந்த வியாழக்கிழமை வரும் என்று நினைத்தேன்.

போன கிழமை டொறத்தியை மகன் வன்கூவருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். உன் ஊரைப் பற்றிக் கதைக்க இனி எனக்கு ஆளில்லை. உடுப்புத் தோய்க்கும் மெசின் சுழலுவதைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கிறேன். நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோசம்தான், ஆனால் இங்கேயும் பனியும் பூட்டின கதவும்தான், அதைச் சொல்லாமல் உன்னைக் கூப்பிட மனம் வரவில்லை.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணை நிற்பார். காதை மூடித் தொப்பி போடு. ஒரு வியாழக்கிழமை ட்யூட்டி மாற்றிக்கொண்டு சந்தைக்குப் போ, மரக்கறி வாங்கும் ஆளிடம் பெயரைக் கேள், கேட்டு எனக்கு எழுது. எனக்கும் அந்த ஊரில் ஒரு ஆளைத் தெரியும் என்றிருக்கட்டும்.

உன் அம்மா
மக்டலீன்