மாப்பிள்ளைக்கு ஒரு கறுப்பு டயல்

இன்று மத்தியானம் தஞ்சாவூரில் ஒரு வாட்ச் கடையில் நின்று, ஸ்ட்ராப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். புதுத் தோலின் வாசனை ஏறியதுதான் தாமதம், நீ என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய்.

உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம்தானே இது. "பேரைப் பாத்து மயங்காதடா, மோந்து பாரு. தோல்னா தோல் வாசனை வரும், ரெக்சின்னா செருப்புக் கடை வாசனை வரும்" என்பாய். பட்டுக்கோட்டையில் உங்கள் தேங்காய் மண்டியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வாட்ச் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தேங்காயைத் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பதுபோல் வாட்சையும் காதில் வைத்துப் பார்ப்பாய். கடைக்காரர்கள் உன்னைக் கண்டாலே கொஞ்சம் மிரளுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ். போன வாரம் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, மாப்பிள்ளைக்கு வாட்ச் மட்டும் நீங்க எடுத்துக் குடுத்துடுங்க. அவங்க இருந்திருந்தா உங்களத்தானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க." சரிம்மா என்று சொல்லி போனை வைத்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் இடத்தில் நின்று உன் மருமகனுக்கு வாட்ச் எடுக்கப் போகிறேன். சந்தோஷம் ஒரு பக்கம், உதறல் ஒரு பக்கம். மாப்பிள்ளை வாட்ச் எடுப்பதில் என் ராசி உனக்குத் தெரியாததா?

என் தங்கை கல்யாணத்துக்கு நாம் இருவரும்தான் வாட்ச் எடுத்தோம். இதே ஊர், வேறு கடை. கறுப்பு டயல், கறுப்புத் தோல் ஸ்ட்ராப், நடுவில் மெலிசாக இரண்டே முள். கையில் இருந்த தொகைக்குள் அப்படி ஒரு டிசைனர் வாட்ச் கிடைத்ததில் நமக்குக் கால் தரையில் பாவவில்லை. நீயும் உனக்கென்று ஒன்று வாங்கினாய், தங்க நிறத்தில், வெள்ளை டயல் வைத்து. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு வந்து அமர்க்களம் செய்ய வேண்டும் என்று உனக்கு ஆசை.

பாபநாசத்தில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு. தட்டில் வெற்றிலை, பழம், வேட்டி, அதன்மேல் நம் வாட்ச். மாப்பிள்ளையின் அத்தை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்: "நல்ல காரியத்துல கறுப்பா வைப்பாங்க?" தட்டைச் சுற்றி நின்றவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. நல்ல காரியத்துக்குக் கறுப்பு கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு வாட்சின் அழகுதான் தெரிந்தது.

நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, கறுப்பை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்தாய். "பெட்டி மாறிப்போச்சு அத்தை. ரெண்டையும் ஒண்ணாத்தான் வாங்குனோம். இது என்னோடது, அதுதான் மாப்பிள்ளையோடது." அத்தை சிரித்துவிட்டார். அப்பாவும் மூச்சு விட்டார். என் தங்கையின் முகத்தில் போன களை திரும்பி வந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், கறுப்பு வாட்சைக் கட்டிய கையை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாய். "எனக்குத்தாண்டா இது அமைஞ்சிருக்கு. என் மக கல்யாணத்துக்கு நீயே வந்து எடு, கறுப்பாவே எடு. எங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." அப்போது உனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பெண் ஏழெட்டு வாட்சுகளைப் பரப்பி வைத்தாள். "சார், இதெல்லாம் டிசைனர் பீஸ். இப்ப இதுதான் ஓடுது" என்று, டயலுக்குள் மூன்று குட்டி வட்டங்கள் இருந்த ஒன்றை நீட்டினாள். நீ கேட்பதையே நானும் கேட்டேன்: "இந்த மூணும் ஓடுமாம்மா, இல்ல சும்மா வரைஞ்சு வச்சதா?" அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "வரைஞ்சதுதான் சார்" என்றாள் பாவம். மாப்பிள்ளைக்கு ஒல்லியான கை என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். அதனால் தட்டு போல இருந்த பெரிய டயல்களை ஒதுக்கினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. தங்க நிறத்தில் வெள்ளை டயல் ஒன்று, கறுப்பு ஒன்று. பயந்தவன் கை வெள்ளைப் பக்கம்தான் போனது. அதற்குப் பிறகுதான் கறுப்பின் ஸ்ட்ராப்பை மோந்து பார்த்தேன். கறுப்பையே பெட்டியில் போட்டுத் தரச் சொன்னேன்.

கடையிலிருந்து நேரே பட்டுக்கோட்டை பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்த நஸ்ரின், "மாமா, இது அத்தாவோட வாட்ச்சு மாதிரியே இருக்கு" என்று சொல்லி அதை மூடவே மாட்டேன் என்றாள். உன் மனைவி எழுந்து உள்ளே போனார். வரும்போது அவர் கையில் உன்னுடைய பழையது. ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும்போதெல்லாம் நஸ்ரின்தான் மாற்றுவாளாம். "நிக்காஹ்வுக்கு இதைக் கட்டிக்கிட்டு வாங்க அண்ணே" என்றார்.

இப்போது என் கையில் இருக்கிறது. ஸ்ட்ராப்பில் நீ மாட்டும் நான்காவது ஓட்டை தேய்ந்து அகன்றிருக்கிறது, எனக்கு இரண்டாவதில்தான் எட்டியது. மோந்தும் பார்த்தேன். தோல் வாசனை போய்விட்டது, உன் அத்தர் மட்டும் லேசாக மிச்சம் இருக்கிறது. அழுதேன்தான், மறைப்பானேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று சின்னப் பையன் மாதிரி பரபரக்கிறேன். மாப்பிள்ளை கையில் ஒன்று, என் கையில் ஒன்று, இரண்டும் கறுப்பு. அவர் வாட்ச் உன் கையில் எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், பெட்டி மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்கிறேன்.