உண்மை நகல்

ஃபோர்ட் வேன்
2 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வடிவேல் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே பனி இன்னும் விடவில்லை. ராதாவும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது, பேசத்தான் வரவில்லை.

இதை ஃபோனில் கேட்டிருக்கலாம். லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. அதோடு, ராதா பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ரங்கூன் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். எந்த நாட்டிலாவது கைதானது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. மறைக்கப் பயந்து, உண்டு என்று எழுதிவிட்டேன். இப்போது அந்த வழக்கின் கோர்ட் காகிதம், முத்திரையோடு, மூன்று மாதத்துக்குள் வேண்டும் என்கிறார்கள். இங்கே கவுண்டி கோர்ட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் கம்ப்யூட்டரில் தட்டினால் யாருடைய வழக்கும் வந்துவிடும். ஜன்னலில் கேட்டால் முத்திரை குத்திக் கையில் கொடுப்பார்கள். அங்கே என்ன முறையோ.

வழக்கு எண் எனக்குத் தெரியாது. 2006 மழைக்காலம். நான் வேலை பார்த்த போட்டாதாங் கிடங்கில் உளுந்து மூட்டைகள் காணாமல் போன வழக்கு. கேட் காவலாளி அப்துல் பாரி என் பேரைச் சொல்லி மாட்டிவிட்டதும், நான் இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்ததும், பிறகு விட்டுவிட்டதும் உனக்குத் தெரிந்த கதைதானே. என்னை விடுவித்த உத்தரவு மட்டும் போதும்.

உன்னை விட்டால் எனக்கு அங்கே யாருமில்லை அக்கா.

அன்புத் தம்பி,
வடிவேல்


பபேடான், ரங்கூன்
27 மார்ச் 2024

அன்புத் தம்பி வடிவேலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குத் தமிழில் திட்டவாவது சொல்லிக்கொடு, பேச்சு தானாக வரும்.

மருந்துக்கடையில் ஐந்து அரைநாள் லீவு போட்டு அலைந்துவிட்டேன். முதலில் போன கோர்ட்டில், பழைய கட்டுகளெல்லாம் மாவட்டக் கோர்ட்டின் பதிவறைக்குப் போய்விட்டன என்றார்கள். அங்கே போனால் பெரியவர் வரவில்லை, நாளைக்கு வா. மறுநாள் கரண்ட் இல்லை, அறை இருட்டு, நாளைக்கு வா. மூன்றாம் நாள் மா தீரி என்று ஒரு குமாஸ்தாப் பெண் இரக்கப்பட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, வழக்கு நம்பர் இருக்கா?"

"இல்லம்மா. வருஷம் தெரியும்."

"நம்பர் இல்லாம எப்படித் தேடுறது? சரி, உக்காருங்க. நீங்களே பாருங்க."

2006ஆம் வருஷத்துக் கிரிமினல் பதிவேடு நான்கு தடிப் புத்தகம். கரையான் அரித்தது போக மிச்சம். இரண்டு நாள் வடிவேல், வடிவேல் என்று விரல் வைத்துத் தேடினேன். பிறகுதான் உறைத்தது, அடையாளக் கார்டில் உன் பர்மியப் பேர் வின் நைங் அல்லவா. அதையும் தேடினேன், இல்லை. மா தீரி சொன்னாள், "முதல் குற்றவாளி பேர்லதான் எழுதுவாங்க ஆன்ட்டி." அப்துல் பாரி என்று தேடினேன். பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

ஆனால் நகல் தர மாட்டார்களாம். வழக்கில் சம்பந்தப்பட்டவன் வர வேண்டும், அல்லது அவன் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் தூதரக முத்திரையோடு வர வேண்டும். நான் உன் அக்கா என்பதற்குக் குடும்பப் பட்டியலும் வார்டு ஆபீஸ் கடிதமும் நான் வாங்கிக்கொள்கிறேன். நீ உன்னுடையதை அனுப்பு. புது வருஷத் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் ஆபீஸ் மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் வை.

வீடு திரும்பும்போது படியில் நூருன்னிசா எதிரே வந்தாள். அவள் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி, பதினெட்டு வருஷமாக ஒரு பேச்சில்லை. அவள் புருஷன் பேரைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்த கோபத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆள் செத்துப்போய்விட்டார், இருந்தும் எனக்கு ஆறவில்லை பார்.

உன் அக்கா,
சத்யபாமா


ஃபோர்ட் வேன்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

அதிகாரக் கடிதம் இதோடு இருக்கிறது. முத்திரைக்காக இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தேன்.

ஒன்று சொல்லட்டுமா? முழுத் தீர்ப்பும் வேண்டாம். விடுவித்த உத்தரவு ஒரே ஒரு பக்கம்தான் இருக்கும். அதை மட்டும் கேள். மற்றதெல்லாம் போலீஸ்காரர்கள் இஷ்டத்துக்கு எழுதிவைத்தது. அதைப் படித்து நீ மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஏற்கெனவே பிரஷர்.

கெடு ஜூன் இரண்டு. இது தவறினால் என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. 

வடிவேல்


பபேடான்
16 மே 2024

வடிவேலு,

நகல் கிடைத்துவிட்டது. கூரியரில் தனியாக வருகிறது. கெடுவுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நீ குற்றவாளி இல்லை என்றுதான் அதில் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டு படிக்க வேண்டாம்.

தனி உத்தரவு என்று ஒன்று இல்லை. உன்னை விடுவித்தது தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி. அதனால் ஏழு பக்கத்துக்கும் நகல் எடுத்தார்கள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று மா தீரி மூலத்தைப் பிடித்துக்கொள்ள, நான் நகலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுதான் அங்கே முறை. அதனால் படித்தேன்.

நீ சும்மா விடுவிக்கப்படவில்லை, வடிவேலு. அரசுத் தரப்புச் சாட்சியாக மாற்றப்பட்டாய். ஜூன் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு அப்துல் பாரி கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விட்டதை உன் கண்ணால் பார்த்தாய் என்று சொல்லியிருக்கிறாய். நேரில் பார்த்த ஒரே சாட்சி இவன்தான், இவன் சொல்லை நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். அதற்குத்தான் அந்த மனுஷனுக்கு மூன்று வருஷம். அவர் உன் பேரைச் சொன்னதாக ஏழு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அந்த ஞாயிறு அம்மாவின் முதல் திவசம். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நீ என் வீட்டில் இருந்தாய். தேங்காய் துருவிக் கொடுத்தாய். பகல் இரண்டு மணிக்கு நீயும் நானும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

படிப்பதை நிறுத்தி, அந்த வரியில் விரல் வைத்து மறுபடியும் பார்த்தேன். "என்ன ஆன்ட்டி, எழுத்துப் பிழையா?" என்று மா தீரி கேட்டாள். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்துல் பாரி இரண்டாம் வருஷமே ஜெயிலில் காய்ச்சலில் போனார். அன்று கீழே அழுகைச் சத்தம் கேட்டபோது நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ சொன்னதை நம்பித்தான் சாத்தினேன்.

நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல். நீ எழுதும்வரை யாரிடமும் பேச மாட்டேன்.

அக்கா


ஃபோர்ட் வேன்
3 ஜூன் 2024

அக்கா,

காகிதம் வந்தது. கொடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நீ தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. இருபது நாள் அடித்தார்கள். இருபத்தோராம் நாள் எழுதிவைத்த ஒரு தாளைக் கொடுத்து, "கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போவே, இல்லேன்னா நீதான் திருடன்"னு சொன்னார்கள். அதில் யார் பேர் இருக்கிறது என்று தெரிந்துதான் போட்டேன். கோர்ட்டில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, நீ அங்க இல்லையே"ன்னு ஒரு தரம் சொன்னார். கூப்பாடெல்லாம் போடவில்லை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயசு. நான் என்ன செய்திருக்க முடியும் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மாற்றிச் சொன்னது ஏன் என்றால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு மாதிரி சொல்ல என்னால் முடியவில்லை.

நூருன்னிசாவிடம் சொல்லாதே. இன்னும் குடியுரிமைக்கான சத்தியப் பிரமாணம் பாக்கி இருக்கிறது. அது முடியட்டும். முடிந்த பிறகும் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் திரும்பி வருவாரா?

உன் காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொள்.

வடிவேல்


பபேடான்
30 ஜூன் 2024

வடிவேலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அடி வாங்கினதை நீ அப்போதே சொல்லியிருந்தால் உன்னை மடியில் போட்டு அழுதிருப்பேன். இப்போதும் அழுதேன். அதில் குறையில்லை.

மறுநாள் மா தீரியிடம் போய், தீர்ப்பைத் திருத்த வழி உண்டா என்று கேட்டேன். யாருக்கு, என்ன என்று சொல்லவில்லை. அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டாள். "அப்பீல் காலம் எப்பவோ போச்சு ஆன்ட்டி. செத்தவங்களுக்காக யார் மனு வாங்குவா? நகல் வேணா எத்தனை வேணாலும் எடுத்துக்கலாம்." நான் அங்கே உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தாளில் எழுதினேன். ஜூன் பதினொன்று, ஞாயிறு, என் தம்பி முழுநாளும் என் வீட்டில் இருந்தான், சத்யபாமா, கையெழுத்து. வாங்கிக்கொள்ள ஆளில்லை. திரும்ப என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் மாடியில் கதவைத் தட்டினேன். மகள் சஜிதா திறந்தாள். அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயசு. "திருட்டுக் காவலாளி மகள்" என்று இந்தத் தெரு அவளைச் சொன்னது. என் வாயும் சொல்லியிருக்கிறது. ஏழு பக்கத்தையும் என் தாளையும் நூருன்னிசா முன்னால் வைத்தேன். சஜிதா பர்மிய மொழியில் படிக்கப் படிக்க நான் தமிழில் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?"

வடை, பாயசம், வாழைக்காய் என்று சொன்னேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை.

"அவர் அன்னைக்கு டூட்டில இருந்தார். சாப்பாடு நான்தான் கட்டிக் கொடுத்தேன்" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். சஜிதா காகிதங்களை வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் மருந்துக்கடை விட்டு வரும்போது தட்டுகிறேன். உள்ளே தையல் மெஷின் சத்தம் கேட்கிறது. என் தட்டல் கேட்டதும் அது நிற்கிறது. நான் மேலே ஏறிய பிறகு மறுபடியும் ஓடுகிறது. பத்தொன்பது நாளாகிறது.

இதனால் உன் பிரமாணத்துக்குக் கெடுதல் வருமா என்று எனக்குத் தெரியாது. வராது என்றே நினைக்கிறேன். இங்கிருந்து ஒரு காகிதம் வெளியே போவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்காகத்தானே கற்றுக்கொண்டேன். உனக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் இப்போதும் சாமியிடம் சொல்கிறேன். அதைச் சொல்லும்போதே கீழ்வீட்டு ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உனக்கு எழுத வேண்டியது இருந்தால், முகவரி அதே கட்டடம், இரண்டாம் மாடி.

சத்யபாமா