வாசலில் நடாத மே மரம்

சேசு மரி சூசை துணை

ப்வா-கிளேர், 1776 ஜூன் மாதம்

அன்பு மகன் எத்தியேனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நீயும் மருமகளும் அந்த டெட்ராய்ட் கோட்டையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், பசுக்கள் நன்றாகக் கறக்கின்றன, உன் அப்பாதான் படுத்த படுக்கையாகிவிட்டார். பதறாதே, முழுவதையும் படி. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சில் கொஞ்சம் குழறல், ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது, கோபமும் குறையவில்லை. பட்டாணி சூப்பில் பன்றிக்கொழுப்பு போதவில்லை என்று இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்னை உடனே புறப்பட்டு வரச்சொல்லி எழுதச் சொல்கிறார். தன் ஊர்ப்படைத் தலைவர் பதவியை உன் பேருக்கு மாற்றித்தர கியூபெக்கில் பெரிய இடத்தில் சொல்லி வைத்திருக்கிறாராம், நீ வந்து வாளைக் கட்டிக்கொண்டால் போதுமாம். அதைப்பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்வதற்கு முன் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரும் உனக்கு உள்ளதை உள்ளபடி எழுத மாட்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில் பாஸ்டன்காரர்கள் இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்துக்கொண்டு நம் நாட்டுக்குள் வந்தது உனக்குத் தெரியும். அவர்களை எதிர்க்க வீட்டுக்கு ஒரு ஆண் துப்பாக்கியோடு வரவேண்டும் என்று இங்கிலீஷ் கவர்னரின் உத்தரவு வந்தது, ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது உன் அப்பா கோயில் வாசல் கல்லின்மேல் ஏறி நின்று அதை வாசித்தார். பிரெஞ்சு ராஜாவின் காலத்தில் இதே கல்லில் நின்று வாசித்தபோது ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் அவர் பின்னால் போனார்களே, அந்த நினைப்பில்தான் வாசித்தார். இந்த முறை ஒருவரும் அசையவில்லை. ஆற்றங்கரைப் பண்ணை தீவியேர்ழ், இங்கிலீஷ்காரனோடு நடந்த அந்த யுத்தத்தில் உன் அப்பா காலில் குண்டுபட்டு விழுந்தபோது முதுகில் சுமந்துவந்த அதே மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. “எஜமான், அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, வந்தோம். திரும்பி வந்து பாத்தா வீடு, களஞ்சியம் எல்லாத்தையும் இங்கிலீஷ்காரன் கொளுத்திட்டுப் போயிருந்தான். இப்ப கொளுத்துனவனுக்காகவே எம்புள்ளைய அனுப்பச் சொல்றீங்களே” என்றார்.

நம் களஞ்சியமும்தான் அன்றைக்கு எரிந்தது, அதைச் சொல்லி உன் அப்பா பேசாமல் இறங்கியிருக்கலாம். ஜெயித்த இங்கிலீஷ் ராஜாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்து, ஊரார் உழும் இந்தப் பண்ணை நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர், அந்த உறுத்தல் அவருக்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஊரார் முன்னிலையில் வாய் முந்திக்கொண்டது. வர மனமில்லாதவன் என் நிலத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அப்படிப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும், குடியானவர்களுக்குத் தெரியாது. பயந்துபோய்ச் சில பிள்ளைகள் கிளம்பினார்கள், தீவியேர்ழின் மூத்தவன் ழெர்மேனும் போனான். உன்னோடு சேர்ந்து முதல் நற்கருணை வாங்கியவன், உனக்கு மறந்திருக்காது.

மார்ச் மாதம் முழங்கால் பனியில் சண்டை. எதிர்ப்பக்கம் பாஸ்டன்காரர்களோடு நின்றவர்களும் நம் ஆற்றங்கரைப் பிள்ளைகள்தான், ஒருவரையொருவர் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே சுட்டார்களாம். ழெர்மேன் அங்கேயே குண்டுபட்டு உயிரை விட்டான். உன் அப்பா வேறு யாரையும் விடாமல், தன் பனிவண்டியிலேயே அவனைக் கிடத்தித் தானே ஓட்டிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்த தாயிடம், உங்கள் மகன் ராஜாவுக்காக உயிரைக் கொடுத்தான் என்றாராம். அவள் அழவில்லையாம். “எந்த ராஜாவுக்கு?” என்று மட்டும் கேட்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பிறகு மே மாதம் வந்தது. மே முதல் தேதி விடியும்போது ஊரார் ஒரு நெடிய தேவதாருவைப் பட்டை சீவி, உச்சியில் மட்டும் பச்சைக் கொத்தை விட்டுக் கொண்டுவந்து ஊர்ப்படைத் தலைவருக்கு மரியாதையாக நம் வாசலில் நடுவார்களே, அதைக் கரியாக்க நாங்கள் முந்தி நீங்கள் முந்தி என்று துப்பாக்கியில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தைப் போட்டுச் சுடுவார்களே, நீகூட அந்தக் கரியைத் தடவி முகமெல்லாம் கறுப்பாக வந்து என்னிடம் அடி வாங்குவாய். இந்த வருஷம் யாரும் வரமாட்டார்கள் என்று நான் உடைத்தே சொன்னேன். தீவியேர்ழ் கோபக்காரன், ஆனால் முறை தவறமாட்டான் என்றார் உன் அப்பா. சொன்னபடி இறைச்சிப் பணியாரம் சுட்டேன், பிராந்தியை எடுத்து வைத்தேன், நீள மேசை முழுக்கத் தட்டுப் போட்டேன். விடியும்போது ஆற்றுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மரத்தோடு வருபவர்கள் அனுமதி கேட்டு முதலில் ஒரு வெடி போடுவதுதானே வழக்கம், உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு “வந்துட்டாங்க, பாத்தியா” என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர்போல் தூங்க வேண்டுமே, அதற்காகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரையில் யாரோ காட்டு வாத்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வது எத்தியேன், நான் பணியாரத்தை அடுப்போரம் நகர்த்தி வைக்கப் போய்விட்டேன். வெயில் கட்டில்வரை வந்தபிறகு தானாக எழுந்தார், பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு அந்த மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். பணியாரம் ஆறிப்போயிற்று. மத்தியானத்துக்குமேல் வாசலில் மரம் நடும் இடத்தில் போய் நின்றார், நின்றபடியே சரிந்தார். நானும் சமையல்காரியும்தான் இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போட்டோம். ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வேதனை.

ஆகையால் மகனே, வா. அப்பாவின் முகத்தைப் பார்க்க வா, பதவிக்காக வராதே. அந்தக் கல்லின்மேல் நீ ஏறி நின்று இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. அவர் கேட்டால் யோசிக்கிறேன் என்று சொல்லிவை, வாளைக் கையால் தொடாதே.

இதுவரை எழுதியிருந்தபோது வாசித்துக்காட்டு என்று கட்டிலிலிருந்து கேட்டார். தாளைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதையே எழுதியிருப்பதுபோல், வா, வந்து பதவியை வாங்கிக்கொள், ஊர் உன்னை மதிக்கும் என்று வாசித்தேன். கடைசிவரை கேட்டார். “ஜெர்த்ரூத், நீ பொய் சொல்லும்போது மட்டுந்தான் உன் குரல் இவ்வளவு சாந்தமா இருக்கும். எழுதினத எழுதினபடியே அனுப்பு” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்சநேரம் அழுதேன், மை கலைந்திருப்பதைப் பொறுத்துக்கொள்.

மேற்கே போகும் தோல் வியாபாரப் படகுகளில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வரும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே. வந்ததும் நம் வீட்டுக்கு வருவதற்கு முன் தீவியேர்ழ் வீட்டுக்குப் போ, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போ, அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நில். மருமகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்களைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. உன் அப்பாவும் இப்போது என்னைக் கூப்பிட்டு, புதுவருஷக் காலையில் நீ முழங்காலிட்டுக் கேட்கும் ஆசீர்வாதத்தை இந்தத் தாளின்மேலேயே வலது கையால் சிலுவை போட்டுக் கொடுத்துவிட்டார். இது ஜூன் மாதம்தான் மகனே, சீக்கிரம் வா.

உன் அம்மா
ஜெர்த்ரூத்