சுல்தானுக்குப் பாலும் பாணும்

ராத்தா,

கண் ஒப்பரேஷன் முடிந்து, மகள் வீட்டில் மூன்று மாதம் கிடந்துவிட்டு போன கிழமைதான் ஆலங்குடாவுக்கு வந்தேன். இறங்கியதும் மூக்கில் அடித்தது கடற்காற்று இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், உங்கள் முற்றத்தில் புளித்துக் கிடந்த பாலும் பேக்கரிப் பாணும். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் நாலு மாதம். உங்கள் மகள் இன்னும் ஆமை சுல்தானுக்கு நீங்கள் வைத்த சாப்பாட்டைத்தான் வைக்கிறாள்.

சுல்தான் வந்த நாள் எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. மச்சான் வண்ணாத்திவில்லுக் காட்டோரத்தில் பிடித்துச் சாக்கில் கொண்டுவந்தார். நீங்கள் அலுமாரிக் கதவின் உள்ளே ஒட்டிவைத்திருந்த பழைய பத்திரிகைத் துண்டை வாசித்தீர்கள்: ஆமைக்குப் பாலில் ஊறிய பாண், ஓட்டுக்குத் தேங்காயெண்ணெய்.

"ஆமைக்கு எங்க ராத்தா முலை இரிக்கி, பால் குடிச்சு வளர?" என்று கேட்டேன். சாக்கில் அது போட்டிருந்த எச்சத்தையும் காட்டினேன். அதில் புல்லும் விதையும்தான் இருந்தன.

வீடு நிறைய விருந்தாளிகள். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "மூண்டாம் வகுப்போட நிண்டவ, ஆமைக்குப் பாடம் நடத்துறா!"

யார் யார் சிரித்தார்கள், யார் வாயில் வட்டிலப்பம் இருந்தது என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. நம் உம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டைப் பார்க்கத்தான் நான் பள்ளியை விட்டேன். மூத்தவள் நீங்கள் தொடர்ந்து படித்தீர்கள். அதுவும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் முன்னால் ஆமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலியின் அடியில் ஒரு கை நுழையும் ஓட்டை இருந்தது. பின்னேர அஸரை முந்தித் தொழுதுவிட்டு, நீங்கள் தொழ உள்ளே போனதும் கொவ்வை இலை, செவ்வரத்தம்பூ, நாகதாளிக் கள்ளித் துண்டு என்று தள்ளுவேன். உங்கள் பாணைக் கோழிகள் தின்றன. சுல்தான் வளர்ந்தது, முட்டை போட்ட பிறகும் பெயர் சுல்தான்தான். வருகிறவர்களிடமெல்லாம், "பாத்தீங்களா, என்ட பால்பாண்ல வளந்த ஓடு!" என்பீர்கள். நான் பல்லைக் கடிப்பேன். உள்ளுக்குள் சந்தோசமும்தான், உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமென்று.

அந்தச் சந்தோசம் நல்லதில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டாரும் ஒரு குட்டி ஆமைக்குப் பாலும் பாணும் கொடுத்தார்கள். ஓடு மெத்தென்றாகி அது செத்தது. அதற்கு இலை தள்ள யாரும் இல்லை. அன்றாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வந்து பார்த்தபோது சுல்தான் கண் வீங்கி, தலை தூக்காமல் கிடந்தது. உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உம்மா சொன்னது பொய்யா, சாச்சி?" என்று அழுதாள்.

"பொய்யில்ல புள்ள. பேப்பர்ல வந்த பிழைய உங்கும்மா நம்பினா. நான் வாயப் பொத்திக்கிட்டிருந்தன்."

புத்தளத்து மிருக வைத்தியரும் பாலை நிறுத்தச் சொன்னார். எண்ணெயும் ஆகாதாம், இலையும் வெயிலும் வேண்டுமாம். மருந்தும் தந்தார். ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுத்தான் சுல்தான் ஒரு செவ்வரத்தம்பூவைக் கடித்தது.

இன்று உங்கள் மருமகன் வேலிக்குப் புதுக் கிடுகு கட்டினார். அந்த ஓட்டையை மட்டும் அப்படியே விட்டார்.

"ஏன் மருமகன், அத அடைக்கல்லையா?"

"மாமி வருசா வருசம் விடச் சொல்லுவாங்க சாச்சி. 'அது தங்கச்சிட கை வார வழி, அடைச்சிராதீங்க' எண்டு."

கையிலிருந்த இலையோடு நின்றேன், ராத்தா. எல்லாம் தெரிந்துகொண்டா அத்தனை பெருமை பேசினீர்கள்? எதிர்வீட்டுக் குட்டிக்காவது நம்மில் ஒருத்தி வாய் திறந்திருக்கலாமே.

மூன்றாம் வகுப்புப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் மகள் எனக்காக வாசலைத் திறந்தே வைத்திருக்கிறாள். நான் வேலியடியில்தான் போய்க் குந்துகிறேன்.