முந்தின நாளே தளர்த்திய நட்டுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இல்லையென்றால் மூடி மறைக்காமல் எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்துற மனுஷனுக்கு வீட்டுல ஒரு வாஷர் போடக் கை வரல என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். போட்டுவிடுவேன்.

நீ போனில், "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்குப்பா இந்த வீம்பு, என் மாமனாரையும் இழுத்து விட்டுட்டீங்களே" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக் குழந்தைக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விட்டாள், அதனால்தான் எழுதுகிறேன். வீம்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் மாமனாரை நான் இழுக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே சொல்.

நான் குடிநீர்த் துறையில் ஃபிட்டர், அவர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். இரண்டு பேரும் எழுதியது ஒரே தொழில் தேர்வு, சம்பளம் போடுவதும் அரசாங்கம்தான். அவருக்கு உயர் திறன் கிரேடு, எங்களுக்கு அதற்கு ஒரு படி கீழே. ஏன் என்று கேட்டால் துறை வேறு என்கிறார்கள். துருப்பிடித்த இரும்புக்கு அது எந்தத் துறை என்று தெரியுமா. அதே கிரேடு கேட்டு நாங்கள் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டோம். சர்வீஸ் விதிகளை நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன், வக்கீல் எழுதிய மனுவில் இரண்டு இடம் திருத்திக் கொடுத்தேன், ஒன்றை ஏற்றுக்கொண்டார், இன்னொன்றை அவர் ஏற்காதது தப்பு.

தீர்ப்பாயம் எங்கள் வேலையை நேரில் பார்க்க ஒரு குழுவை அனுப்பியது. பம்ப் ஹவுஸ் பள்ளத்தில் இறங்கிப் பழைய பம்பின் பேரிங்கைக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் நட்டு வராமல் மானம் போய்விடக் கூடாது என்று எங்கள் வெல்டர், நீ சின்ன வயதில் பூனை மாமா என்று கூப்பிடுவாயே அவர்தான், மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு முந்தின நாளே எல்லா நட்டையும் எண்ணெய் விட்டுத் தளர்த்தி, சேற்றை இறைத்து, விளக்குக் கட்டி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். எனக்குத் தெரியாது. மறுநாள் ஸ்பேனரை வைத்தேன், நட்டு வெண்ணெய் மாதிரி வந்தது. குழுத் தலைவர் மேலே நின்று, "அட, இவ்வளவுதானா" என்றார். சாதாரண வேலை, உயர் திறன் தேவையில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். பூனை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணே, விருந்தாளி வர்ற வீடு மாதிரி ஜோடிச்சு வச்சேன், வந்தவன் இந்த வீட்டுல வேலையே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான்" என்றார். மற்றவர்கள் அவரைப் பிடித்துத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. நல்ல வேலைக்காரன் தன் வேலையை அலங்கோலமாகக் காட்ட மாட்டான்.

மறுவிசாரணை கேட்டு வாங்கினேன். வக்கீல், "ரயில்வே ஆள் ஒருத்தர் வந்து ரெண்டும் ஒரே வேலைன்னு சொல்லணும், இல்லன்னா மனு நிக்காது" என்றார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அப்பன் உதவி கேட்டு நின்றால் அந்தப் பாரம் உன் தலையில்தான் இறங்கும். பூனைதான் எனக்குத் தெரியாமல் அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். ஒரு நாள் உன் மாமனார் வேலை உடுப்போடு பம்ப் ஹவுஸ் வாசலில் நின்றுகொண்டு, "என்ன சம்பந்தி, தண்ணி டிபார்ட்மெண்ட்டுக்கு வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கிடையாதா" என்றார். அன்றைக்கு உண்மையாகவே ஒரு பம்ப் பழுதாகிக் கிடந்தது. என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அவரே இறங்கினார். சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, பேரிங்கைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், மூச்சு இரைத்தது. "இதையேதான் நாங்களும் செய்யறோம். ஆனா நின்னுகிட்டு செய்வோம், தலைக்கு மேல கிரேன் இருக்கும். உங்களுக்கு ஒரு படி கூட்டித்தான் குடுக்கணும்" என்றார். சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை அன்று வந்து நின்றார். எங்களிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார். அரசு வக்கீல், "நீங்க மனுதாரருக்கு சம்பந்திதானே, சொந்தக்காரருக்காகத்தானே பேசறீங்க" என்று மடக்கினார். உன் மாமனார் நிதானமாக, "ஆமா சார், சம்பந்திதான். அதனாலதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். எழுதிக்கொண்டிருந்த நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. எதிராக வந்தால் மேலே போவேன், ஓய்வு பெற்ற பிறகும் போவேன், எனக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அவர் ஒர்க் ஷாப்பில் அவரோடு யாரும் இப்போது பேசுவதில்லை. அவங்களும் நாமளும் சமம்னு ஆயிட்டா நாம எதைச் சொல்லி சம்பளம் கூட்டிக் கேக்கறது என்கிறார்களாம். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போகிறார்கள் என்று உன் மாமியார் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். உன் மாமனார் நம்மிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

குழந்தையை ஈரத் தலையோடு வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. ஹீட்டர் வயர் சூடாகிறது என்றாயே, மாப்பிள்ளை அதை இன்றைக்கே பார்க்கட்டும். நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் மாமனாருக்கு நீ நன்றி சொல்ல வேண்டாம், அது நான் சொல்ல வேண்டியது, இன்னும் வாய் வரவில்லை. அவருடைய மத்தியானச் சாப்பாட்டு நேரம் உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தினமும் ஒரு போன் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குழந்தையைப் பற்றி எதையாவது பேசிக்கொண்டிரு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா